மணலில் புதையும் வோக்கர்

பல வருடங்களுக்கு முன், இடுப்பெலும்பு முறிந்து சத்திரசிகிச்சை செய்துகொண்ட 78 வயது அம்மம்மா ஒருவருக்கு நான் வோக்கர் பிடித்து நடக்கப் பழக்கினேன். விடுதியின் வழுவழுப்பான தரையில், கதிரையிலிருந்து எழுந்து 3 மீற்றர் நடந்து திரும்பி வந்து அமர அவர் எடுத்த நேரத்தை அளந்தபோது எனக்கு முழுத் திருப்தி. அடுத்த மாதம் கிளினிக்குக்கு வந்தவரின் தொடைத் தசைகள் மெலிந்திருந்தன. சொல்லிக்கொடுத்த பயிற்சி எதையும் செய்யவில்லை என்று கண்டு, ‘ஒத்துழைப்புக் குறைவு’ என எழுதிவைத்தேன். அந்த இரண்டு சொற்களுக்காக இன்றும் வெட்கப்படுகிறேன்.

மட்டக்களப்பு, கல்லடியில் அவருடைய வீட்டுக்குப் போகக் கிடைத்த அன்றுதான் விஷயம் விளங்கியது. மலசலகூடம் வளவின் பின்பக்கம், கிணற்றடிக்கும் அப்பால். இடையில் இருபதடிக் கடற்கரை மணல். வோக்கரின் நான்கு கால்களும் அதில் புதைந்தன. தூக்கி வைக்கப் போனால் உடல் சரிந்தது. “விழுந்தா ஆருக்கு மனே கரைச்சல்?” என்று கேட்டார். அடிக்கடி அங்கே போகாமலிருப்பதற்காகத் தண்ணீர் குடிப்பதையே குறைத்திருந்தார். எழும்பும்போது தலை சுற்றுவதாக அவர் முன்பே சொன்னதை, வயது போனால் அப்படித்தான் என்று நான் விட்டிருந்தேன். எழுந்து நின்ற மூன்று நிமிடங்களுக்குள் இரத்த அழுத்தத்தின் மேல் அளவு 20 அலகோ கீழ் அளவு 10 அலகோ இறங்கினால், அதை வயதின் தலையில் கட்டிவிட முடியாது. உடலில் நீர் குறைந்ததும் காரணமாகலாம், அழுத்தத்துக்கு எடுக்கும் குளிசையும் காரணமாகலாம்.

எலும்பும் தசையும் எனக்குப் பாடமாகத் தெரிந்திருந்தன, முதுமை தெரிந்திருக்கவில்லை. முதியோர் மருத்துவம் முதன்மையாக முதியவரின் நோயையும் சிகிச்சையையும் கவனிக்கிறது. முதுமையியலோ உடல், மனம், குடும்பம், வீடு, வருமானம் அனைத்தையும் ஒருசேர வைத்துப் பார்க்கிறது. இயன்மருத்துவமும் (பிசியோதெரபி), அன்றாட வேலைகளைத் தாமே செய்யப் பழக்கும் தொழில்வழிச் சிகிச்சையும் பயிலும் மாணவர்களுக்கு அது கட்டாயம் வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். 2012 குடிசன மதிப்பீட்டிலேயே இலங்கையில் 60 வயதைக் கடந்தோர் 12.4 வீதம், இப்போது இன்னும் அதிகம். இருபத்திரண்டு வயதுப் பிள்ளைகள் நாளைக்குத் தொடப்போகும் முழங்கால்களில் பெரும்பகுதி அவர்களுடையதுதான்.

விரிவுரை மட்டும் போதாது. என்னிடம் பயிற்சிக்கு வருபவர்கள் நோயாளியின் கட்டிலிலிருந்து மலசலகூடம் எத்தனை அடி, தரை மணலா சீமெந்தா, இரவில் துணைக்கு யார் என்று கேட்டு, வீட்டின் படத்தையும் வரைந்து தர வேண்டும். சென்ற வாரம் வந்த ஒரு படத்தில் கிணற்றடி வாழைகள்கூட இருந்தன. வேலை கூடிவிட்டதென்று முணுமுணுக்கிறார்கள்தான்.