சொர்ணாவூருக்குக் கீழே ஒரு மடு

2025 ஏப்ரல் 20, ஞாயிறு

காலையில் மடுவை எட்டுப் போட்டு நடந்து அளந்தேன். நீளம் நாற்பத்திரண்டு எட்டு, அகலம் பதினைந்து எட்டு. நடுவில் மூங்கிலை ஊன்றிப் பார்த்தேன். என் மார்பு வரை தண்ணீர் நிற்கிறது. சொர்ணாவூர் அணைக்கட்டுக்குக் கீழே, பாகூர்ப் பக்கத்துக் கரையில், எங்கள் ஓடை தென்பெண்ணையில் விழும் இடத்தை ஒட்டி இருக்கிறது இந்த மடு. மேலும் கீழும் கண்ணுக்கு எட்டிய வரை காய்ந்த மணல்.

போன வருடம் இது இவ்வளவு ஆழம் கிடையாது. ஃபெஞ்சல் புயல் கரையேறிய கையோடு, டிசம்பர் 2ஆம் தேதி சாத்தனூர் அணையிலிருந்து நொடிக்கு ஒன்றரை லட்சம் கனஅடிக்கு மேல் திறந்துவிட்டார்களே, அந்த வெள்ளம் தோண்டிய பள்ளம் இது. அதே வெள்ளம்தான் என் முக்கால் ஏக்கரை முழங்கால் உயர மணலால் மேவிவிட்டுப் போனது. அதை அள்ளி முடிக்க மாசி மாதம் ஆகிவிட்டது. ஆனாலும் இந்தத் தண்ணீரைப் பார்க்கும்போது வெள்ளத்தின் மேல் இருந்த ஆத்திரம் பாதி அடங்குகிறது.

ஆற்றுமீன் பிடித்தே பிள்ளைகளை வளர்த்த பெரியவர் ஒருவர் எங்கள் தெருவில் இருக்கிறார். கரையில் உட்கார்ந்து என் அளவெடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தவர், "தம்பி, இதில் கிடப்பது குழம்பு மீன் இல்லை, விதைநெல்" என்றார். கோடை முழுவதும் மடுவில் உயிரைப் பிடித்துக்கொண்டு கிடக்கும் மீன்தான், புதுத்தண்ணீர் வந்ததும் ஓடை வழியாக வயலுக்கு ஏறி முட்டையிடுகிறது. மணலை அள்ளி அள்ளி அடியில் களி தெரியும்படி ஆகிவிட்ட இடங்களில் ஊற்று செத்துவிட்டது. ஊற்று இல்லாத இடத்தில் மடு சித்திரையைத் தாண்டாது. எங்கள் பக்கத்தில் முன்பு ஐந்து மடுக்கள் இருந்தன என்று பெரியவர் பெயர் சொல்லி எண்ணினார். இப்போது இருப்பது இது ஒன்று.

மே 11, ஞாயிறு

இருபத்தாறு எட்டு. இடுப்பளவு. அக்கினி நட்சத்திரம் தொடங்கி ஒரு வாரம் ஆகிறது.

மகளும் வந்தாள். ஓர் அயிரையைப் பிடித்துக் கண்ணாடிப் பாட்டிலில் விட்டோம். அவள் சுண்டுவிரல் நீளம்தான் இருக்கும். மணல் நிறத்து உடம்பில் பக்கவாட்டில் வரிசையாகக் கரும்புள்ளிகள். வாயைச் சுற்றிய மீசைகளால் பாட்டிலின் அடியைத் தடவித் தடவிப் பார்த்து, நிலைகொள்ளாமல் சுற்றியது. இரண்டு பிடி ஆற்றுமணல் போட்டோம். ஒரே துள்ளல், மீனைக் காணவில்லை. மணல் அடங்கித் தண்ணீர் தெளிந்த பிறகு இரண்டு கண்கள் மட்டும் மேலே தெரிந்தன. திரும்ப விடுவதற்காகக் கையில் எடுத்தபோது, கண்ணுக்குக் கீழே மடித்து வைத்திருந்த சின்ன முள்ளை நிமிர்த்திக்கொண்டது. "குத்துகிறது அப்பா" என்றாள். ஆனால் கையை உதறவில்லை. மெதுவாக இறக்கிவிட்டாள்.

ஆற்றுமணலை லாரி லாரியாக ஏற்றும்போது, இதன் வீட்டையும் சேர்த்துத்தான் ஏற்றுகிறார்கள்.

மே 13, செவ்வாய்

இரவு ஒன்பதுக்கு மேல் மடுவில் டார்ச் வெளிச்சம். ஓடினேன். பக்கத்து ஊர்ப் பையன்கள் இருவர். ஒருவன் முதுகில் பேட்டரியும் இன்வெர்ட்டரும். கையில் கம்பி சுற்றிய கழி. "விரால் மட்டும்தான் அண்ணா எடுக்கிறோம்" என்றான். கழியைத் தண்ணீரில் வைத்தால், எந்த மீன் எவ்வளவு பெரிது என்று மின்சாரம் பார்க்குமா? கரையோரம் மிதந்ததை அவர்கள் முன்னாலேயே இரண்டு கையாலும் அள்ளிக் காட்டினேன். கெண்டைக்குஞ்சு, உளுவை, முண்டக்கண்ணி. இவற்றில் பாதியை எந்த வீட்டிலும் அடுப்பில் ஏற்றமாட்டார்கள்.

முண்டக்கண்ணிகளைப் பார்க்கப் பார்க்க வயிறு எரிந்தது. கொசுப்புழுவைத் தின்னட்டும் என்று 1928இல் கம்பூசியா என்ற அமெரிக்க மீனை இந்தியாவுக்குள் கொண்டுவந்தார்கள். அதற்கு எத்தனையோ காலம் முன்பிருந்தே நம் குளங்களில் அந்த வேலையைச் செய்துவருவது இந்த மீன்.

வெடிவைத்தோ நஞ்சு கலந்தோ மீன் பிடிப்பது 1897ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே குற்றம். பேட்டரி இரண்டையும் விட மோசம் என்று நினைக்கிறேன். சத்தமும் இல்லை, நாற்றமும் இல்லை. பையன்கள் பதில் பேசாமல் போய்விட்டார்கள். திரும்ப வருவார்களோ என்ற பயத்தில் இரவெல்லாம் தூக்கம் இல்லை.

மே 25, ஞாயிறு

பதினான்கு எட்டு.

உறவில் மாமா முறையாகும் ஒருவர் மடுவில் ஆயில் எஞ்சினை இறக்கிவிட்டார். அவருடைய வாழை குலை தள்ளும் பருவத்தில் இருக்கிறது. அவருடைய போர்க் கிணறு அரை மணி நேரம் ஓடினால் காற்றைத் துப்புகிறது. "மீனுக்காக என் வாழையைக் காயப்போடச் சொல்கிறாயா மாப்பிள்ளை?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு என்னிடம் நியாயமான பதில் எதுவும் இல்லை. விவசாயிக்கு விவசாயி தண்ணீரை மறுப்பது போன்ற பாவம் வேறில்லை.

வெயிலில் நின்று வெகுநேரம் பேசினோம். கடைசியில் மடு நடுவே ஒரு கழியை ஊன்றி, முழங்கால் அளவில் சிவப்புத் துணி கட்டினோம். தண்ணீர் துணிக்கு இறங்கினால் எஞ்சின் நிற்க வேண்டும். பதிலுக்கு, என் போர்க் கிணற்றிலிருந்து ஒருநாள் விட்டு ஒருநாள் இரண்டு மணி நேரம் அவருடைய வாழைக்கு ஹோஸ் இழுத்துக்கொள்ளலாம். என் மணிலாவுக்கு, அதாவது நிலக்கடலைக்கு, அது கைக்கடி. மனைவி ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் இரவு சாப்பாட்டின்போது கணக்கு நோட்டை எடுத்து என் பக்கத்தில் வைத்தாள்.

மே 28, புதன்

தண்ணீர் துணியைத் தொட்டது. மாமா தாமாகவே எஞ்சினை நிறுத்தி, வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். அவர் இருந்த திசை நோக்கிக் கும்பிட்டேன்.

ஜூன் 8, ஞாயிறு

நல்ல மழை. பயம் தெளிந்தது. அதனால் இதை இன்று எழுதுகிறேன்.

பதினொரு வருடத்துக்கு முன், நெல்லில் இலைசுருட்டுப் புழுவுக்குப் பைரெத்ராய்டு வகை மருந்து அடித்துவிட்டு, ஸ்பிரேயர் டேங்கை ஓடையில் கழுவினேன். காலங்காலமாக எல்லோரும் அங்கேதான் கழுவினோம். மருந்து டப்பாவின் மேல் 'மீன்களுக்கு நஞ்சு' என்று எழுதியிருந்ததைப் படிக்கவே இல்லை. கைகால் கழுவித் திரும்புவதற்குள் ஓடையில் அயிரைகள் மணலைவிட்டு வெளியே வந்து, சுருண்டு சுருண்டு துள்ளின. பிறகு வெள்ளை வயிறு தெரிய மல்லாந்தன. மடை வரைக்கும் ஒரே வெள்ளை. வயலுக்கு அடித்த மருந்துகூட இல்லை, டேங்கின் அடியில் தங்கிய கழிவு அது.

அதன் பிறகு இன்றுவரை டேங்கை ஓடைக்குக் கொண்டுபோனது கிடையாது. வரப்பில் தள்ளி ஒரு குழி வெட்டி வைத்திருக்கிறேன். கழுவிய தண்ணீர் அங்கேதான். ஆனால் அந்த வெள்ளை இன்னும் கண்ணில் நிற்கிறது.

ஜூலை 6, ஞாயிறு

பையன்கள் தூண்டிலில் பிடித்ததை எண்ணினேன். முப்பத்தொன்றில் பத்தொன்பது ஜிலேபி மீன். 1952இல் இந்தியாவுக்கு வந்த ஆப்பிரிக்க மீன், இப்போது எங்கள் ஆற்றுக்குப் பெரும்பான்மை. தாய் முட்டையையும் குஞ்சையும் வாய்க்குள் வைத்துக் காக்கிறது. கலங்கல், வெப்பம், உப்பு எதற்கும் அசைவதில்லை. புல்லில் முட்டையை ஒட்டிவிட்டுப் போகும் நம் கெண்டை இதோடு எப்படிப் போட்டி போடும்? கடைகளில் 'டேங்க் கிளீனர்' என்று விற்கும் கருப்பு மீன் ஒன்றும் சிக்கியிருந்தது. யாரோ வீட்டுத் தொட்டியிலிருந்து கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள். அலுத்துப்போன மீனை ஆற்றில் விடுவது புண்ணியம் என்று தயவுசெய்து நினைக்காதீர்கள்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. சித்திரான்னம் கொண்டுவந்த கூட்டம் போன பிறகு இரண்டு சாக்கு பிளாஸ்டிக் பொறுக்கினோம்.

மடுவின் மேல்கோடியில், கோரை ஓரமாக, தண்ணீர் கொதிப்பதுபோல் ஒரு வட்டம். கிட்டப் போனால் செம்மஞ்சள் நிறத்தில் நூற்றுக்கணக்கான விரால் குஞ்சுகள். காற்றுக்காக எல்லாம் சேர்ந்து மேலே வருகின்றன, சேர்ந்து இறங்குகின்றன. அடியில் கறுப்பாகத் தாய். என் நிழல் விழுந்ததும் வட்டம் மறைந்தது. தாய் மட்டும் நகரவில்லை. குஞ்சு இருக்கும் இடத்தில் தவளையைக் கோத்துத் தூண்டில் போட்டால், விரட்டுவதற்காக அது பாய்ந்து கவ்வும். சுலபமான மீன். தாயும் தகப்பனும் போய்விட்டால் குஞ்சுகள் இரண்டு நாளில் கெளுத்திக்கும் கொக்குக்கும் இரையாகிவிடும். இடத்தை யாரிடமும் சொல்லவில்லை. பெரியவரிடம் மட்டும் சொன்னேன். அவர் முன்பே பார்த்திருக்கிறார், அவரும் யாரிடமும் சொல்லவில்லை.

செப்டம்பர் 14, ஞாயிறு

ஓடையின் குறுக்கே உள்ள தரைப்பாலத்தை நான்கு வருடத்துக்கு முன் புதிதாகக் கட்டினார்கள். அதன் தளம் ஓடையின் மட்டத்தைவிட இரண்டடி உயரம். மனிதருக்கு அது ஒரு படி, அயிரைக்கு மதில். புதுத்தண்ணீரில் ஏறிவரும் மீன் அந்த இடத்தில் முட்டிக்கொண்டு நிற்கும். கொசுவலையோடு ஆட்கள் அங்கேதான் காத்திருப்பார்கள். மெட்ராஸ் படையில் மருத்துவராக இருந்த பிரான்சிஸ் டே, அணைகள் மீனின் வழியை மறிப்பதையும், சிறுகண் வலைகள் குஞ்சுகளை வாரிவிடுவதையும் 1873இலேயே அரசுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார். நூற்றைம்பது வருடம் ஆகிவிட்டது.

இன்று மாமாவின் டிராக்டரில் இரண்டு நடை உடைகல் கொண்டுவந்து, பாலத்தின் கீழ்ப்புறம் ஒரு ஓரமாக, ஓட்டத்தை மறிக்காதபடி சரிவாக அடுக்கினோம். கல்லுக்கும் கல்லுக்கும் இடையில் மீன் நின்று மூச்சுவாங்க இடம் விட்டோம். எங்கே விட வேண்டும் என்று பெரியவர் கைத்தடியால் காட்டிக்கொண்டே இருந்தார். மே மாதம் பேட்டரியோடு வந்த பையன்களில் ஒருவனும் கல் தூக்கினான். நான் எதுவும் கேட்கவில்லை.

அக்டோபர் 22, புதன்

இரவு முழுவதும் மழை. விடிவதற்குள் ஓடை செந்நீராக ஓடியது. குடையோடு பாலத்துக்குப் போனேன். நடு ஓட்டத்தில் கெண்டைகள் எம்பி எம்பிச் சுவரில் மோதி விழுந்தன. நாங்கள் கல் அடுக்கிய ஓரத்தில் பத்து நிமிடம் எதுவும் இல்லை. பிறகு ஒரு கல்லின் மறைவிலிருந்து இன்னொன்றின் மறைவுக்கு ஒரு கோடு, பின்னால் இன்னொன்று. ஒரு பனையேறிக்கெண்டை செவுளை ஊன்றி ஊன்றி ஈரக்கல்லின் மேலேயே ஏறியது. கொசுவலையோடு மூன்று பேர் வந்தார்கள். மூன்று நாள் பொறுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். இரண்டு பேர் திரும்பிப் போனார்கள்.

நவம்பர் 2, ஞாயிறு

நடவுக்கு நாற்று பிடுங்கினோம். மகள் கூப்பிட்டாள். சேற்றில் பதிந்த என் காலடிக் குழியில் தண்ணீர் தெளிந்திருந்தது. அதன் அடியில், மணல் கலந்த சேற்றிலிருந்து இரண்டு கண்கள் மேலே பார்த்துக்கொண்டிருந்தன.