தரங்கம்பாடியில் ஒரு முழங்காலும் ஒரு சைக்கிளும்

சென்ற மார்கழியில் முழங்கால் வலிக்காகப் போனபோது, "சமதரையில் நடங்கள், முடிந்தால் சைக்கிள் ஓட்டுங்கள்" என்று மருத்துவர் சொன்னார். மயிலாடுதுறையிலிருந்து கிழக்கே கடல் வரைக்கும் சமதரைக்குக் குறைவே இல்லை. ஏற்றம் என்று சொல்ல ஆற்றுப் பாலங்கள் மட்டும்தான். பொறையாறில் நாத்தனார் வீடு இருக்கிறது. அவள் மகள் கல்லூரி விடுதிக்குப் போய்விட்டதால் சைக்கிள் ஒன்று வீட்டில் சும்மா நின்றுகொண்டிருந்தது. ஞாயிறுதோறும் முதல் பஸ்ஸில் போவது, வெயில் ஏறுவதற்குள் முடித்துக்கொண்டு திரும்புவது என்று முடிவு செய்தேன். தை மாதம் தொடங்கிப் பங்குனி முடிய ஒரு நோட்டில் எழுதி வந்தேன். அதிலிருந்து எடுத்துத்தான் இதை எழுதுகிறேன்.

முதல் மூன்று ஞாயிறும் நடை மட்டும். தரங்கம்பாடியின் பழைய ஊர் மிகச் சிறியது. மேற்கே 1792இல் டேனிஷ்காரர்கள் கட்டிய வெள்ளை நுழைவாயில், கிழக்கே கடல். இரண்டுக்கும் நடுவில் நேராக ஓடுகிறது ராஜா தெரு. நிற்காமல் நடந்தால் பத்து நிமிடம் ஆகாது. நான் முதல் நாள் நாற்பது நிமிடம் எடுத்துக்கொண்டேன். வலி ஒரு காரணம், பார்க்க இருந்தவை இன்னொரு காரணம். வழியில் 1701ஆம் ஆண்டின் சீயோன் ஆலயம் வருகிறது. சற்றுத் தள்ளி 1718இல் கட்டிய புதிய எருசலேம் ஆலயம். அதைக் கட்டிய ஜெர்மானிய மதபோதகர் சீகன்பால்கு அடுத்த ஆண்டே இறந்து அதற்குள்ளேயே அடக்கமானார். 1706 ஜூலையில் இந்தக் கரையில் இறங்கிய அவர், திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் அ, ஆ எழுதிப் பழகினார் என்பார்கள். எட்டே ஆண்டுகளில் தமிழில் புதிய ஏற்பாட்டின் முதல் பகுதியை அச்சிட்டுவிட்டார். நாற்பத்தேழு வயதில் மறுபடி சைக்கிள் பழகப்போகும் எனக்கு அந்தக் கதை பெரிய தெம்பாக இருந்தது.

தெரு முடிகிற இடத்தில் மைதானம், அதன் தெற்கே டான்ஸ்போர்க் கோட்டை. 1620இல் தஞ்சை ரகுநாத நாயக்கரோடு உடன்படிக்கை செய்துகொண்டு டென்மார்க்கிலிருந்து வந்த ஓவே கெட்டே கட்டத் தொடங்கியது. 1845இல் வங்கத்துச் செராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போனார்கள். அதிகாலையில் கோட்டை திறந்திருக்காது. அதனால் நடைக்காரர்கள் வெளியே சுற்றிக்கொண்டு கடற்கரைக்கு இறங்கிவிடலாம்.

மணலில் நடப்பதைப் பற்றி யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை. முதல் நாள் உலர்ந்த மணலில் கோட்டையிலிருந்து மாசிலாமணிநாதர் கோயில் வரை நடந்தேன். சின்னத் தூரம்தான். ஆனால் மறுநாள் கெண்டைக்கால் இரண்டும் கல்லாகிவிட்டன. இரண்டாம் ஞாயிறு, கருவாடு காயவைத்துக்கொண்டிருந்த ஒரு பெரியம்மா என்னைப் பார்த்துவிட்டு, "ஏன்மா பொதமணலில் காலை இழுத்துக்கொண்டு போகிறாய்? அலை நனைத்துவிட்டுப் போன இடத்தில் நட" என்றார். அவர் காட்டிய இடம், அலை வந்து திரும்பிய பின் ஒரு நொடி கண்ணாடி போல் மின்னி, பிறகு மங்கும் பட்டை. மின்னும்போது கால் வைத்தால் புதைகிறது. மங்கிய பிறகு வைத்தால் சிமெண்டுத் தரை போலத் தாங்குகிறது. அந்த ஒரு நொடிக்காகக் காத்து, அடியைக் குறைத்து நடக்கப் பழகினேன். இன்னொன்றும் கவனித்தேன். கரை கடலை நோக்கிச் சரிந்திருக்கிறது. ஒரே திசையில் வெகுதூரம் நடந்தால் ஒரு கால் எப்போதும் பள்ளத்தில், ஒரு கால் மேட்டில். வலிக்கிற முழங்கால் பள்ளத்துப் பக்கம் வந்தால் நடையைச் சுருக்கிக்கொண்டு தெருவுக்கு ஏறிவிடுவது நல்லது.

மாசிலாமணிநாதர் கோயில் 1306இல் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்தது. ஊரின் பழைய பெயர் சடங்கன்பாடி, குலசேகரன்பட்டினம் என்று அங்குள்ள கல்வெட்டு சொல்கிறது. டேனிஷ்காரர்கள் வருவதற்கு முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே இது கடல் வணிகம் நடந்த பட்டினம். கோயிலின் முன்பகுதியைக் கடல் எடுத்துக்கொண்டது. இப்போது கரையில் பாறைகளைக் கொட்டி வைத்திருக்கிறார்கள். பாறைகள் வழுக்கும், அவற்றின் மேல் ஏற வேண்டாம். 2004 டிசம்பர் 26 இந்தக் கரையில் எத்தனையோ வீடுகளை வெறுமையாக்கிப் போனது. பெரியம்மாவிடம் நான் அதைப் பற்றிக் கேட்கவில்லை. அவராக ஒருமுறை கடலைக் காட்டி, "அன்றைக்கும் இப்படித்தான் விடிந்தது" என்று மட்டும் சொன்னார்.

நான்காம் ஞாயிறு சைக்கிளை வெளியே எடுத்தேன். இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து ஏறுகிறேன். இருக்கை மிகத் தாழ்வாக இருந்தது. மிதிக்கும்போது முழங்கால் மார்புவரை மடங்கி வலித்தது. பொறையாறில் சைக்கிள் கடை வைத்திருக்கும் பெரியவரிடம் கொண்டுபோனேன். "இதில் ஏறி உட்காருங்கள் அம்மா" என்று சுவரைப் பிடிக்கச் சொன்னார். குதிகாலை மிதிகட்டையின் மேல் வைத்துக் கீழே அழுத்தினால் கால் முழுதும் நீள வேண்டும், அதுதான் சரியான உயரம் என்றார். இரண்டு விரற்கடை உயர்த்தினார். அவ்வளவுதான், அதற்குப் பிறகு மிதிக்கும்போது முழங்கால் வலிக்கவில்லை. கால் தரையில் முழுதாக ஊன்றாதே என்ற பயம் மட்டும் இரண்டு வாரம் இருந்தது.

உற்சாகத்தில் அன்றைக்கே ராஜா தெருவுக்குள் சைக்கிளை விட்டேன். அது தவறு என்று இப்போது தோன்றுகிறது. ஆபத்து ஒன்றுமில்லை, ஆனால் எதுவும் கண்ணில் படவில்லை. மூன்று ஞாயிறாக நின்று நின்று பார்த்த ஜன்னல் கட்டைகள், தூண் வைத்த தாழ்வாரங்கள், தட்டார் தெருவில் பழுதுபார்த்து மீட்ட ஓட்டு வீடுகள் எல்லாம் கடந்துபோயின. நுழைவாயிலில் சைக்கிளை நிறுத்திவிட்டு உள்ளே நடப்பது, மிதிப்பதை வெளியே வைத்துக்கொள்வது என்று அன்றைக்கே நோட்டில் எழுதி அடிக்கோடிட்டேன். புதிதாக வருகிறவர்களுக்கும் நான் சொல்வது இதுதான்.

வெளியே மிதிக்க எனக்கு மிகவும் பிடித்தது தில்லையாடிப் பாதை. பொறையாறிலிருந்து வயல்களுக்கு நடுவே, நான் போகிற வேகத்தில்கூட அரை மணிக்குள். தை முடிவில் சம்பா அறுவடை நடந்துகொண்டிருந்தது. சாலையின் பாதியில் நெல்லைக் கொட்டிக் காயவைத்திருந்தார்கள். அதன் மேல் சைக்கிளை ஏற்றக் கூடாது. உழைப்பின் மேல் ஏறுவது தவறு என்பது முதல் காரணம், சக்கரம் வழுக்கும் என்பது அடுத்தது. வைக்கோல் பரப்பிய இடங்களில் இறங்கித் தள்ளிக்கொண்டே போனேன். மாசியில் அதே வயல்களில் உளுந்து முளைத்திருந்தது.

இந்தப் பக்கம்தான் மயிலாடுதுறை - தரங்கம்பாடி ரயில் ஓடியது. 1926இல் வந்து, எண்பதுகளில் நின்றுபோன பாதை. தில்லையாடியிலும் பொறையாறிலும் நிலையங்கள் இருந்தன. அப்பாவின் மடியில் உட்கார்ந்து அந்த ரயிலில் கடல் பார்க்கப் போனது எனக்கு மங்கலாக நினைவிருக்கிறது. ஜன்னல் கம்பியின் இரும்பு வாசனைதான் அதில் தெளிவாக மிஞ்சியிருப்பது. அந்தப் பாதையை நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் ஒதுக்கிக் கொடுத்தால் மாவட்டத்துக்கே ஒரு சொத்தாக இருக்கும் என்று ஒவ்வொரு முறையும் நினைத்துக்கொள்வேன்.

தில்லையாடியில் வள்ளியம்மை நினைவு மண்டபத்தில் தண்ணீர் குடித்து இளைப்பாறுவது வழக்கமாகிவிட்டது. ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்த பெண். பூர்விகம் இந்த ஊர். கிறிஸ்தவ முறையில் நடக்காத திருமணங்கள் செல்லாது என்ற தென்னாப்பிரிக்கத் தீர்ப்பை எதிர்த்து 1913இல் நடந்த போராட்டத்தில் சேர்ந்து, சிறை சென்று, காய்ச்சலோடு வெளியே வந்து, 1914 பிப்ரவரி 22 அன்று பதினாறு வயதில் இறந்தார். மறு ஆண்டு காந்தி இந்த ஊருக்கு வந்தார். அந்தப் போராட்டத்தில் டிரான்ஸ்வால் எல்லையைத் தாண்டி நடந்தவர்களில் கைக்குழந்தை வைத்திருந்த தமிழ்ப் பெண்களும் இருந்தார்கள். மண்டபத் திண்ணையில் முழங்காலைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கையில் அவர்களைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஐந்தாம் வாரம் பின்சக்கரத்தில் காற்று இறங்கியது. பெரியவர் டியூபைத் தண்ணீரில் முக்கி ஓட்டையைக் கண்டுபிடித்து ஒட்டினார். ஆனால் டயரை உடனே மாட்டவில்லை. உள்பக்கம் விரலால் தடவிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நிறுத்தினார். என் விரலையும் அங்கே வைக்கச் சொன்னார். அரிசி நுனியளவு சீமைக்கருவேல முள், வெளியிலிருந்து பார்த்தால் தெரியவே தெரியாது. "முள்ளை எடுக்காமல் ஒட்டினால் வாசலைத் தாண்டுவதற்குள் மறுபடி இறங்கும்" என்றார். கடல் காற்றுக்குச் சங்கிலி துருப்பிடிக்கும் என்பதால் வீடு வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவி, துணியால் துடைத்து, சைக்கிள் எண்ணெய் விடவும் அவரே கற்றுக்கொடுத்தார். தேங்காய் எண்ணெய் விட்டால் மணல் ஒட்டிக்கொள்ளும்.

ஆறாம் ஞாயிறுதான் நான் தோற்ற நாள். தெற்கே நண்டலாற்றைத் தாண்டி, காரைக்கால் எல்லைக்குள் கோட்டுச்சேரி வரை போனேன். சைக்கிள் தானாகவே ஓடியது. உடம்பு தேறிவிட்டது, இனி காரைக்காலுக்கே போகலாம் என்று மகிழ்ந்துகொண்டே திரும்பினேன். திரும்பிய மறுகணம் காற்று முகத்தில் அறைந்தது. பாதி வழி தள்ளிக்கொண்டு வந்தேன். நண்டலாற்றுப் பாலத்தில் நின்று அழுகை வந்துவிட்டது. பத்து மணிக்குத்தான் வீடு சேர்ந்தேன். வாசலிலேயே காத்திருந்த நாத்தனார், "அண்ணி, ஒரு போன் செய்திருந்தால் நான் வண்டி எடுத்துக்கொண்டு வந்திருப்பேனே" என்று கடிந்துகொண்டாள்.

அடுத்த வாரம் சைக்கிளைத் தொடவில்லை. கடற்கரையில் வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு முதியவரிடம் பேச்சுக் கொடுத்தேன். அவருக்கு உடனே புரிந்துவிட்டது. "இப்போது வாடை அம்மா. வடக்கிலிருந்து வருகிறது. நீங்கள் தெற்கே போனால் தள்ளிவிடும், திரும்பும்போது விடாது. பங்குனியில் சோழகம் எடுத்துவிடும், அப்போது தெற்கே போங்கள்" என்றார். கடலுக்குள் போகிறவர்கள் வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று நான்கு திசைக்கும் நான்கு பெயர் வைத்துக்கொண்டு வாழ்கிறார்கள். கடலிலிருந்து முப்பது கிலோமீட்டரில் பிறந்து வளர்ந்த எனக்கு அதுவரை எல்லாம் வெறும் காற்று.

அதன் பிறகு கிளம்புமுன் வாசலில் ஒரு பிடி உமியைத் தூவிப் பார்ப்பது பழக்கமாகிவிட்டது. உமி எந்தப் பக்கமிருந்து பறந்து வருகிறதோ அந்தப் பக்கம் முதலில் போவேன், களைத்த பிறகு அது என்னைக் கூட்டிக்கொண்டு வரும். மாசி முடியும் வரை வடக்கே, மேற்கே. தில்லையாடி தாண்டித் திருக்கடையூர் வரை இரண்டு முறை போய்வந்தேன். அபிராமி சந்நிதியில் கூட்டம் சேர்வதற்கு முன் தரிசனம், கடைத்தெருவில் ஒரு காபி, எட்டரைக்குள் வீடு.

பங்குனி மூன்றாம் ஞாயிறு, விடியலுக்கு முன்பே உமி தெற்கிலிருந்து பறந்து வந்தது. ஐந்தே முக்காலுக்குக் கிளம்பினேன். காற்று எதிரில்தான், ஆனால் இந்த முறை தெரிந்தே அதற்குள் போனேன். தலையைத் தாழ்த்தி, மெதுவாக, பேச்சுக்கு மூச்சு மிஞ்சுகிற வேகத்தில் மிதித்தேன். நண்டலாற்றுப் பாலத்தில் நிற்கவில்லை. கோட்டுச்சேரியில் ஒரு தேநீர். ஏழே காலுக்குக் காரைக்கால் அம்மையார் கோயில் வாசலில் இறங்கினேன். இறைவன் வீற்றிருக்கும் மலையைக் காலால் மிதிக்கக் கூடாதென்று தலையாலேயே நடந்து ஏறியவர் சந்நிதியில், என் முழங்கால்களுக்காகக் கொஞ்ச நேரம் கும்பிட்டேன்.

திரும்பும்போது காற்று முதுகில் கை வைத்தது போல இருந்தது. நண்டலாற்றுப் பாலத்தின் இறக்கத்தில் மிதிப்பதை விட்டுவிட்டுக் கால்களைத் தொங்கவிட்டேன். வீட்டுக்கு வந்து சங்கிலியைக் கழுவி எண்ணெய் விட்டேன். போகவர இருபத்தைந்து கிலோமீட்டர் அளவில், தள்ளியது இல்லை, வலி இல்லை என்று நோட்டில் எழுதினேன். இட்லித் தட்டோடு வந்த நாத்தனார் அதை எட்டிப் படித்துவிட்டு, "அண்ணி, அடுத்த வாரம் எனக்கும் ஒரு சைக்கிள் பாருங்கள்" என்றாள்.