வர்த்தமானியைக் கையில் எடுத்த பிறகு

வடக்குக் காணிகள் பற்றி அரசாங்கம் வர்த்தமானியில், அதாவது அரச இதழில், ஒரு அறிவித்தல் போட்டிருந்தது. 2025 வைகாசியில் (மே) கிளிநொச்சிப் பக்கம் சந்தித்தவர்கள் எல்லாரும் கேட்டது ஒன்றுதான்: "எங்கட காணியும் போகுதாமே?" வட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு சுற்றிக்கொண்டிருந்தது. வன்னி முழுவதும் அரச காணியாகப் போகிறது, பெர்மிட்டும் (அரச காணியில் இருக்கக் கொடுத்த அனுமதிப்பத்திரம்) செல்லாது என்று அதில் ஒருவர் அடித்துச் சொன்னார். அரசாங்கத் தரப்போ, மக்களுக்குக் காணி உரித்தைத் தீர்த்துக் கொடுக்கத்தான் இந்த வேலை, பயப்பட வேண்டாம் என்றது. எங்கள் மாதர் சங்கக் கூட்டத்தில் இரண்டு பக்கத்துக்கும் ஆள் இருந்தது. வர்த்தமானியை வாசித்தவர் மட்டும் ஒருவரும் இல்லை.

"பிள்ளை, உது சட்டத்தரணிமாற்ற வேலை" என்றார் வந்திருந்த ஐயா ஒருவர். "முதல் நாங்கள் வாசிப்பம் ஐயா. விளங்காத இடத்தைக் குறிச்சுக்கொண்டு போய் அவையிட்டக் கேப்பம்" என்றேன். கொமினிகேஷன் கடையில் அச்செடுத்து, சத்தமாக வாசித்தோம்.

அது 2025 பங்குனி (மார்ச்) 28ஆம் திகதிய 2430ஆம் இலக்க வர்த்தமானி. காணி நிர்ணயக் கட்டளைச் சட்டத்தின் 4ஆம் பிரிவின் கீழ் வந்தது. குறித்த காணிகளுக்கு உரிமை கோருபவர்கள் மூன்று மாதத்துக்குள் கோர வேண்டும். கோராவிட்டால் அவை அரச காணியாகும். வடக்கில் மொத்தம் ஏறத்தாழ 5,940 ஏக்கர் என்று செய்திகளில் வந்தது: யாழ்ப்பாணத்தில் 3,669, முல்லைத்தீவில் 1,703, கிளிநொச்சியில் 515, மன்னாரில் 54.

கிளிநொச்சி மாவட்டம் மூன்று லட்சம் ஏக்கருக்கும் கூட. ஆக, "வன்னி முழுவதும்" என்ற பேச்சு அங்கேயே விழுந்தது. பெர்மிட் கதையும் நிற்கவில்லை. வட்டக்கச்சி, உருத்திரபுரம் மாதிரிக் குடியேற்றங்களில் பெர்மிட் என்பது 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுபட்டது. அந்தக் காணி தொடக்கத்திலிருந்தே அரசுடையது; அதை இன்னொருமுறை அரச காணியாக்க ஒன்றுமில்லை. பிரதேச செயலகக் காணிக் கிளையிலும் இதைக் கேட்டு உறுதிப்படுத்தினோம். பெர்மிட்காரர் பலர் அன்றுதான் நிம்மதியாகச் சோறு தின்றிருப்பார்கள்.

ஆறுதல் சொன்னவர்களின் கதையையும் அதே மாதிரித்தான் உரசிப் பார்க்க வேண்டியிருந்தது. இது பலருக்குப் பிடிக்கவில்லை. பயத்தைச் சோதிக்கலாம், நல்ல செய்தியை ஏன் கிண்டுவான் என்ற எண்ணம் எங்களிடம் ஆழமாக இருக்கிறது. மேடையில் சொல்லப்படும் நோக்கம் நல்லதாகவே இருக்கட்டும். நாளைக்கு ஒரு அதிகாரி மேசையில் விரிப்பது அந்த உரையை அல்ல, கடதாசியை. கடதாசியில் இருந்தது மூன்று மாதம். உறுதிக் காணி (கிரயப் பத்திரம் உள்ள சொந்தக் காணி) வைத்திருந்த குடும்பங்களில் எத்தனை பேர் 2009இல் முள்ளிவாய்க்கால் வரை ஓடியபோது உறுதியைத் தொலைத்தார்கள்? எத்தனை உரித்தாளர் கனடாவில், இந்திய முகாம்களில்? உரிமையாளர் செத்து, பிள்ளைகள் இன்னும் பேர் மாற்றாத காணிகள் எத்தனை? இந்த மக்களுக்கு மூன்று மாதம் போதவே போதாது. பங்குனிக் கடைசியில் வந்த அறிவித்தல் எங்கள் காதுக்கு எட்டியதே வைகாசியில்.

அதனால் எங்கள் எதிர்ப்பு குறையவில்லை, கூர்மையானது. "எல்லாக் காணியையும் பிடிக்கிறாங்கள்" என்று எழுதியிருந்தால் ஒரு வரியில் மறுத்திருப்பார்கள். காலக்கெடு, தொலைந்த ஆவணம், வெளிநாட்டு உரித்தாளர் என்று நாங்கள் எழுதிய கடிதத்தை அப்படித் தள்ள முடியாது. இனி இப்படியான அறிவித்தல் வந்தால் காணி விபரத்தோடு கிராம அலுவலர் அலுவலகத்தில் தமிழில் ஒட்ட வேண்டும் என்றும் கேட்டோம். அதற்கு இன்னும் பதில் இல்லை, திரும்ப எழுதுவோம்.

ஆனி (ஜூன்) 27ஆம் திகதி உயர் நீதிமன்றம் வர்த்தமானியை இடைநிறுத்தி இடைக்கால உத்தரவு கொடுத்தது. மனுப் போட்டவர் தமிழரசுக் கட்சியின் சட்டத்தரணி சுமந்திரன். காலக்கெடு முடியும் வேளையில் வந்த உத்தரவு அது. ஊரில் பலர் அதோடு விட்டுவிட்டார்கள். நாங்கள் ஆவண வேலையை விடவில்லை.

உறுதி தொலைந்தவர்களுக்கு ஒரு விஷயம். நொத்தாரிசு (உறுதி எழுதும் சட்டத்தரணி) எழுதிய உறுதியின் இரண்டாம் பிரதி காணிப் பதிவகத்துக்குப் போகும். அங்கிருந்து அத்தாட்சிப்படுத்திய பிரதி கேட்கலாம். இலக்கம் ஞாபகமில்லை என்றால் பக்கத்துக் காணிக்காரரின் உறுதியைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். எல்லை சொல்லும் இடத்தில் உங்கள் அப்பாவின் அல்லது பேரனாரின் பேரும் காணியின் பேரும் இருக்கக்கூடும். பதிவகத்தில் தேட அந்தப் பேர்களில் இருந்து தொடங்கலாம். எங்கள் சங்கத்தில் ஒரு அக்காவுக்கு அப்படித்தான் பிரதி கிடைத்தது.