சுவரில் ஒட்டிக்கொண்ட பூனை

"மாமா, பூனை சுவத்துலயே ஒட்டிக்குது."

மதியம் அக்கா மகன் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தான். பிளஸ் டூ முடித்திருக்கிறான். யூனிட்டி என்ற மென்பொருளில் அவனே செய்யும் கேம். பூனை குதித்துச் சுவரில் மோதினால், விழாமல் அப்படியே தொங்குகிறது.

மூன்று நாளாக மண்டையை உடைத்துக்கொண்டவன், என் எதிரிலேயே கண்டுபிடித்தான். பூனைக்கும் சுவருக்கும் நடுவே உராய்வு. அதைப் பூஜ்யமாக்கியதும் பூனை வழுக்கி இறங்கியது. பிளஸ் ஒன் இயற்பியலில் மனப்பாடம் செய்த அதே உராய்வு! அவன் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

பின்னாலேயே அக்கா.

"டிகிரி இல்லாம இதுல வேலை கிடைக்குமாடா?"

டூம் (1993) விளையாட்டை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜான் கார்மேக், இரண்டே செமஸ்டரில் கல்லூரியை விட்டவர். ஸ்டார்டியூ வேலி என்ற கேமைத் தனியாளாக நாலரை வருடம் உழைத்து 2016-இல் வெளியிட்ட எரிக் பரோன், கணினி அறிவியல் பட்டதாரி. 2011-இல் பட்டம் வாங்கியும் வேலை கிடைக்கவில்லை. அப்போது தொடங்கியதுதான் அந்த கேம்.

ஆனால் வெளிநாட்டு வேலை என்றால் கதை வேறு. அமெரிக்காவில் வேலை பார்க்க உதவும் எச்-1பி விசாவுக்குப் பட்டமோ, அதற்கு இணையான அனுபவமோ வேண்டும்.

"படிக்கட்டும்க்கா. ஆனா படிப்பு முடியட்டும்னு இதை மட்டும் நிறுத்தச் சொல்லாதே. இந்தப் பூனையைக் காட்டித்தான் அவன் வேலை கேட்கப் போறான்."

அக்கா பதில் சொல்லவில்லை. திரையைக் குனிந்து பார்த்தாள்.

அவன் அதற்குள் இரண்டாவது சுவரை எழுப்பிக்கொண்டிருந்தான்.