இவ்வளவு தண்ணியையும் ஆர் மாறுறது?

யாழ்ப்பாணத்தில் ஆறு கிடையாது. இதைச் சொன்னால் தருமபுரிப் பக்கம் யாரும் நம்புவதில்லை. மழைக்காலத்தில் ஓடிவிட்டு அடங்கிப்போகும் வழுக்கியாறு ஒன்று உண்டு, அதோடு சரி. மற்றதெல்லாம் கிணறுதான். தோட்டத்தில் அப்பா தண்ணீர் இறைப்பார், அம்மா மண்வெட்டியோடு நின்று பாத்தி பாத்தியாகத் திருப்பிவிடுவாள். அதற்கு எங்கள் ஊரில் ‘தண்ணி மாறுவது’ என்று பெயர். ஒரு சொட்டு வீணாகப் போனாலும் ஏச்சு விழும்.

1990-ல் படகேறி ராமேஸ்வரம் வந்து, மண்டபத்தில் பதிந்து, தருமபுரி மாவட்டத்து முகாம் ஒன்றில் எங்களை இறக்கிவிட்டபோது எனக்குப் பதினோரு வயது. பத்துக்குப் பத்து அறை. அதுகூடப் பழகிவிட்டது. பழகாதது தண்ணீர்தான். பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்த பிள்ளைகளுக்கெல்லாம் பல் பழுப்பு. “இந்த வயசில வெத்திலையா?” என்று அம்மா வாயைப் பிளந்தாள். போர்வெல் தண்ணீரில் இருக்கும் ஃப்ளோரைடு செய்யும் வேலை அது என்று பிறகுதான் தெரிந்தது. முகாமில் பிறந்த தம்பிக்கும் விழுந்து முளைத்த பல் அந்தக் கறையோடுதான் வந்தது.

ஒகேனக்கலுக்கு முதலில் போனது 1992-ல். முந்தின வருஷம் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட பிறகு அகதிகளுக்குக் கெடுபிடி அதிகம். அனுமதி வாங்கித்தான் வெளிக்கிட வேண்டும், இருட்டும் முன் திரும்ப வேண்டும். பென்னாகரம் தாண்டி பஸ் காட்டு வழியாக மலையிறங்கும்போதே அப்பா நேரத்தைப் பார்க்கத் தொடங்கிவிட்டார்.

பஸ் நின்ற இடத்திலிருந்து கொஞ்ச தூர நடைதான். எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்கள் கூப்பிடுவார்கள், மீன் வறுவல் மணம் மூக்கைத் துளைக்கும். அதையெல்லாம் கடந்தால் மர நிழலும் பாறையும். அருவி கண்ணில் படும் முன்பே காதில் விழுந்தது. பிறகு சாரல். ஒகேனக்கல் என்றால் கன்னடத்தில் புகையும் கல்லாம். பெயர் வைத்தவன் சரியாகத்தான் வைத்திருக்கிறான்.

அம்மா பாறையில் அப்படியே நின்றுவிட்டாள். வெகுநேரம் கழித்துத்தான் வாய் திறந்தாள்: “இவ்வளவு தண்ணியையும் ஆர் மாறுறது?”

பரிசல்காரர் எங்கள் பேச்சைக் கேட்டுவிட்டு, “கேரளாவாக்கா?” என்றார். அந்த நாளில் இலங்கை என்று சொல்லப் பயம். அம்மா சட்டென்று, “ஓம்” என்றாள். மலையாளிகள் அப்படித்தான் சொல்வார்கள் என்று அவர் நினைத்திருக்க வேண்டும்.

2013-ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. ஜப்பான் கடனுதவியில், தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் ஃப்ளோரைடு தொல்லைக்காகவே கொண்டுவந்தது. எங்கள் குழாயிலும் காவிரி வந்தது. அதற்குள் நாங்களும் பாதி இந்த ஊர்க்காரர்கள். காலையில் ராகிக் களி, ஆடி பிறந்தால், காவிரி தமிழ்நாட்டுக்குள் நுழையும் பிலிகுண்டுலுவில் தண்ணீர் எத்தனை கனஅடி என்று டிவியில் ஒரு பார்வை. கூடிவிட்டால் குளிக்க விடமாட்டார்கள், பரிசலும் ஓடாது. குடியுரிமை மட்டும் இன்னும் வரவில்லை. அது எந்த மலையில் உற்பத்தியாகிறதோ!

போன மாதம் மகளையும் அம்மாவையும் கூட்டிக்கொண்டு மறுபடி போனேன். மகள் பேச்சு அச்சு அசல் தருமபுரி. ‘அம்மம்மா’ என்ற சொல் மட்டும் அவளிடம் தப்பிப் பிழைத்திருக்கிறது. தொங்குபாலத்தில் அம்மா என் கையை விடவே இல்லை. அந்தப் பக்கம் இறங்கி, கரையில் குந்தி, கொண்டுவந்த போத்தலில் தண்ணீர் நிரப்பினாள்.

“வீட்டுக் குழாய்ல வர்றதும் இதுதானே அம்மம்மா?”

“அது ஆரோ மாறிவிடுற தண்ணி பிள்ளை. இது தானா வாறது.”

பஸ் ஏறும் முன் ஒரு குரங்கு அந்தப் போத்தலைப் பறித்துக்கொண்டு மரத்தில் ஏறிவிட்டது.