பியோம்கேஷ்: முதலில் கதை, அப்புறம் படம்

வங்க எழுத்தாளர் சரதிந்து பந்தோபாத்யாயின் துப்பறிவாளன் பியோம்கேஷ் பக்ஷியின் கதைகளை ஆங்கில மொழிபெயர்ப்பில் படிப்பது, படித்த சூட்டோடு அதையே திரையில் பார்ப்பது. கொஞ்ச நாளாக இதுதான் என் பொழுதுபோக்கு. இதுவரை வந்து சேர்ந்த இடம் இது.

தொடங்கியது 'பதேர் காண்டா'வில். 1932இல் வெளிவந்த முதல் பியோம்கேஷ் கதை. கல்கத்தா வீதியில் நடந்து போகிறவர்கள் நெஞ்சில் கிராமபோன் ஊசி பாய்ந்து சாகிறார்கள். துப்பு கிடைப்பதோ ஒரு பத்திரிகை விளம்பரத்தில்: பாதையில் கிடக்கும் முள்ளை எடுக்க வேண்டுமா, சனிக்கிழமை மாலை 5.30க்கு வைட்அவே லெய்ட்லா கடை மூலையில் விளக்குக் கம்பத்தில் கைவைத்து நில்லுங்கள். நாட்டு நடப்பு விளம்பரத்தில்தான் இருக்கிறது என்பது பியோம்கேஷின் கட்சி. பேப்பரும் பேச்சுமாகவே பாதிக் கதை ஓடிவிடுகிறது.

இதை எப்படிப் படமாக்குவது? பாசு சட்டர்ஜி 1993இல் தூர்தர்ஷனுக்கு எடுத்த தொடரில் அதற்குப் பதில் இருக்கிறது. பியோம்கேஷாக ரஜித் கபூரையும் அவன் நண்பன் அஜித்தாக கே.கே.ரெய்னாவையும் அறைக்குள் உட்கார வைத்துப் பேசவிட்டார், அவ்வளவுதான். அந்த நிதானம் எனக்கு ரொம்பப் பிடித்தது.

சரதிந்துவே சினிமாக்காரர். 1938இல் பம்பாய் போய் பாம்பே டாக்கீஸில் திரைக்கதை எழுதினார். 1952இல் அந்த வேலையை விட்டு, புனேயில் குடியேறினார். இடையில் சுமார் 15 ஆண்டுகள் பியோம்கேஷைத் தொடவே இல்லை. திரும்பி வந்த 'சித்ரசோர்' எப்படித் தொடங்குகிறது தெரியுமா? நோயிலிருந்து தேறிவரும் பியோம்கேஷின் நாற்காலியருகே மாதுளைச் சாற்றோடு மனைவி சத்யவதி வந்து நிற்கிறாள். இத்தனை வருடம் சினிமாவுக்கு எழுதியவர், துப்பறிவாளனை இப்படியா மறுபடி அழைத்து வருவார்! எனக்கு அவர்மேல் மதிப்பு கூடியது அங்கேதான்.

சத்யஜித் ராயின் 'சிடியாகானா'வை (1967) பியோம்கேஷாக வரும் உத்தம் குமாருக்காகவே பார்க்கலாம். இந்தப் படத்துக்கும் 'அந்தோணி ஃபிரிங்கி'க்கும் சேர்த்துத்தான் அவருக்குத் தேசிய விருது. ஆனால் பியோம்கேஷ் மாறுவேடம் போட்டுக்கொண்டு வரும் இடத்தைவிட, கேள்வி கேட்டுவிட்டுச் சும்மா இருக்கும் இடங்களில்தான் அவர் அசத்துகிறார்.

திபாகர் பானர்ஜியின் 2015 படம் போர்க்காலக் கல்கத்தாவை அழகாகக் காட்டுகிறது. டிராம் தெருக்களுக்காகவே இன்னொரு முறை பார்ப்பேன். பியோம்கேஷைத்தான் ரொம்ப ஓடவிட்டார்கள். அடுத்து 'அர்த்தமனர்த்தம்'. சத்யவதி முதலில் வரும் கதை அதுதான். அதற்கும் தூர்தர்ஷன் தொடரையே எடுத்து வைத்திருக்கிறேன்.