ஃபில்மோரின் குளியல் தொட்டி

தம் நாட்டு மக்களைக் கேலி செய்வதையே தொழிலாகக் கொண்டிருந்த அமெரிக்கப் பத்திரிகையாளர்களுள் பால்டிமோர்க்காரரான எச். எல். மென்கெனுக்கு இணையாக இன்னொருவரைச் சொல்வது கடினம். அச்சில் வந்துவிட்டால் அமெரிக்கர் எதையும் நம்பிவிடுவர் என்ற அவருடைய குற்றச்சாட்டுக்குச் சான்று, அவரே எதிர்பாராத வகையில், அவருடைய பேனாவிலிருந்தே கிடைத்தது.

1917 டிசம்பர் 28 அன்று நியூயார்க் ஈவ்னிங் மெயில் நாளிதழில், குளியல் தொட்டி அமெரிக்காவுக்கு வந்து 75 ஆண்டுகள் ஆகியும் ஒருவரும் விழா எடுக்கவில்லையே என்று அங்கலாய்த்து ஒரு கட்டுரை எழுதினார். 1842இல் சின்சினாட்டி வணிகர் ஒருவர் முதல் தொட்டியைச் செய்வித்தாராம். மகோகனி மரத்தில் ஈயத்தகடு பதித்த அது 1,750 பவுண்டு எடை இருந்ததாம். மருத்துவர்கள் பதறிப்போக, 1845இல் பாஸ்டன் நகரம் மருத்துவர் ஆலோசனையின்றித் தொட்டியில் குளிப்பதையே சட்டவிரோதம் ஆக்கிவிட்டதாம். 1851இல் அதிபர் மில்லர்ட் ஃபில்மோர் வெள்ளை மாளிகையில் துணிந்து ஒன்றை வைத்த பிறகுதான் மக்களுக்குத் தைரியம் வந்ததாம். அத்தனையும் புளுகு. போர்க்கால இறுக்கத்தில் கொஞ்சம் சிரிக்கலாமே என்று எழுதியது, மெல்ல மெல்லத் தகவல் நூல்களில் ஏறி உட்கார்ந்துகொண்டது. பொறுக்க முடியாமல் 1926 மே மாதத்தில் உண்மையை ஒப்புக்கொண்டு எழுதினார். அந்த வாக்குமூலத்தை வெளியிட்ட பாஸ்டன் ஹெரால்ட், மூன்றே வாரத்தில் பழைய புளுகையும் உண்மைச் செய்தியாக வெளியிட்டது!

இதெல்லாம் பழங்கதை என்றுதான் நானும் எண்ணியிருந்தேன். அண்மையில், அதே பால்டிமோரின் புறநகரில் உள்ள எங்கள் குடியிருப்பில் வினாடி வினா நடந்தபோது, வெள்ளை மாளிகையில் முதல் குளியல் தொட்டியை வைத்த அதிபர் யார் என்ற கேள்வி வந்தது. எங்கள் அணியில் எழுதுகிற பொறுப்பு என்னுடையது. பக்கத்து வீட்டுப் பெரியவர் என் காதில் "ஃபில்மோர்" என்று கிசுகிசுக்க, நான் அவரைப் பரிவோடு பார்த்துவிட்டு, "ஃபில்மோர் அல்லர், அது மென்கென் விட்ட கதை" என்று கொட்டை எழுத்தில் எழுதிக் கொடுத்தேன்.

பூஜ்ஜியம் போட்டார்கள்.

நான் விடுவதாக இல்லை. ஃபில்மோர் பதவிக்கு வருவதற்கு வெகு முன்பே, 1833இல் அதிபர் ஆண்ட்ரூ ஜாக்சன் காலத்திலேயே வெள்ளை மாளிகைக்குக் குழாய்த் தண்ணீர் வந்துவிட்டது என்பதில் தொடங்கி, மென்கெனின் வாக்குமூலம் வரை கைபேசியில் எடுத்துக் காட்டினேன். வினாக்களைப் படித்துக்கொண்டிருந்த ஓய்வுபெற்ற ஆசிரியை மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு முழுவதையும் பொறுமையாகப் படித்தார். அமெரிக்கர்களின் பொறுமை ஒரு தனி அழகு. நம்மை மறுக்கப்போகும்போது அது இன்னும் கூடும்.

"இவர் தாம் பொய் சொன்னதாகத் தாமே ஒப்புக்கொள்கிறார், அப்படித்தானே?" என்று கேட்டார்.

"ஆமாம்," என்றேன் உற்சாகமாக.

"பொய் சொல்லும் பழக்கமுள்ளவர் பேச்சை வைத்து நான் எப்படி மதிப்பெண் போடுவது?"

அரங்கமே கைதட்டியது; என் அணியினரும் சேர்ந்துதான். அடுத்த கேள்வி தொடங்குமுன் பக்கத்து வீட்டுப் பெரியவர் என் கையிலிருந்த பென்சிலைப் பரிவோடு வாங்கிக்கொண்டார்.